பதிவேட்டில் தொடங்கிய சுயாட்சி

சர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1919 டிசம்பரில் உருவான இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர் என்பதுதான். அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அதற்கு முன் 38 ஆண்டுகள் அவர் பிரித்தானிய அரசின் நீதிபதியாகவும் அதிகாரியாகவும் பணியாற்றினார். அந்த நீண்ட காலத்தை அரசியலுக்கு முந்திய பிழைப்பு என்று ஒதுக்கிவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. நீதிமன்றத்திலும் பதிவு அலுவலகத்திலும் அவர் செய்த சீர்திருத்தமே அவருடைய அரசியலின் அடித்தளம். தம்மைத் தாமே ஆள ஒரு மக்களுக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு, மேடையேறுவதற்கு வெகுமுன்பே அவர் அலுவலக மேசையில் விடை எழுதத் தொடங்கியிருந்தார்.

1853 செப்டம்பர் 14 அன்று கொழும்பில் செல்வாக்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சர் முத்து குமாரசுவாமி தாய்மாமன்; சர் பொன்னம்பலம் இராமநாதன் அண்ணன்; கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி மாமன் மகன். உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் படித்தார். 1875 இல், போட்டித் தேர்வெழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். தேர்வு திறந்திருந்தாலும், உள்ளே எல்லாக் கதவும் திறக்கவில்லை. மாகாணத்தையே ஆளும் அரசாங்க அதிபர் பதவி வெள்ளையருக்கென்றே இருந்தது. சுதேச அதிகாரிகளைப் பெரும்பாலும் நீதித்துறைப் பக்கம் நகர்த்திவிடுவார்கள். அருணாசலமும் ஊர் ஊராக நீதிபதியாக அனுப்பப்பட்டார். ஓரங்கட்டுவதற்கென்று தரப்பட்ட அந்த வேலையை அவர் ஆழ்ந்து செய்தார். அவர் எழுதிய தீர்ப்புகளின் தரத்தைத் தலைமை நீதியரசர் சர் ஜான் பியரே பாராட்டினார். பின்னர் ஆளுநர் சர் ஆர்தர் கோர்டன், பணிமூப்பில் முன்னால் இருந்த பலரைத் தாண்டி அவரைப் பதிவாளர் நாயகத்தின் பொறுப்பில் அமர்த்தியபோது சேவைக்குள் பெரிய முணுமுணுப்பு எழுந்தது.

பதிவாளர் நாயகம் அலுவலகம் என்றால் பிறப்பு, இறப்பு, திருமணம், காணி எல்லாம் வந்து சேரும் இடம். அன்று அது சீர்கெட்டுக் கிடந்தது. வேலை மாதக்கணக்கில் தேங்கியது. கட்டணங்கள் ஊழியர் கைக்குப் போயின. ஆவணங்கள் காணாமல் போயின. இதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதைக் காணிப் பதிவின் விதியைப் பார்த்தால் விளங்கும். இலங்கையில் நிலம் கைமாற நொத்தாரிசு முன்னிலையில் உறுதி (கிரயப் பத்திரம்) எழுத வேண்டும். பிறகு அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரே நிலத்துக்கு இரண்டு உறுதிகள் இருந்தால், முன்பு எழுதப்பட்டும் பதியப்படாததைப் பின்னால் எழுதப்பட்டு முதலில் பதியப்பட்டது வென்றுவிடக்கூடும். ஆக, ஓர் எழுத்தர் உறுதியை மேசைக்குள் போட்டு வைத்தால், காசு கொடுத்துக் காணி வாங்கிய விவசாயி அதை இழக்க நேரலாம். அருணாசலம் இந்த அலுவலகத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்: தேக்கத்தைத் தீர்த்தார், பணம் கைமாறும் வழிகளை அடைத்தார், ஆவணங்களைத் தேடினால் கிடைக்கும்படி செய்தார். நீதிபதியாக நிலத் தகராறுகளை விசாரித்தவருக்கு, வழக்கு பிறக்கும் இடம் எது என்பது தெரிந்திருந்தது.

1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார். சுமார் 35 லட்சத்து 65 ஆயிரம் பேரை எண்ணிய கணக்கு அது. எண்களை அடுக்கினாலே கடமை முடிந்திருக்கும். அவரோ நாட்டின் வரலாறு, சமயங்கள், வழக்கங்கள், மொழிகள் ஆகியவற்றை விளக்கும் அறிக்கை எழுதினார். பின்னர் இலங்கையின் குடியியல் சட்டங்களைத் திரட்டித் தொகுக்கும் பணியில் இறங்கினார். ரோமன் டச்சுச் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் என்று பல சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நாட்டில், தம்மைக் கட்டும் சட்டம் எது என்று சாதாரண மனிதர் அறிவது எளிதல்ல. பதிவேடு, கணக்கு, சட்டத் தொகுப்பு ஆகிய மூன்று வேலைகளின் நோக்கமும் ஒன்றுதான்: அதிகாரியின் தயவில் இருந்ததைக் குடிமக்களின் உரிமையாக மாற்றுவது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பேரரசின் சம்பளத்தில் 38 ஆண்டுகள் வாழ்ந்து, 1913 இல் ஓய்வு பெற்ற பிறகே அவர் குரல் கொடுத்தார்; நிர்வாகத்தைச் செம்மையாக்கியதால் அந்நிய ஆட்சியைத்தான் பலப்படுத்தினார் என்பது அது. சேவையில் இருந்தபோது அவர் கட்சி அரசியலில் இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அமைதியாகவும் இருக்கவில்லை. இலங்கைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை 1906 இல், பதவியில் இருந்துகொண்டே தொடங்கினார். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதற்கு அந்த முயற்சி வித்திட்டது. மேலும், சுதேசிகளுக்கு நிர்வாகம் வராது என்பதுதான் காலனிய ஆட்சி தன்னை நியாயப்படுத்தச் சொல்லிவந்த காரணம். சீர்கெட்ட துறை ஒன்றை ஒரு சுதேசி நிமிர்த்திக் காட்டியபோது அந்தக் காரணமே ஆட்டம் கண்டது. 1917 இல் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரைக்கு எடை தந்தது, ஆட்சி இயந்திரத்தை உள்ளிருந்து அறிந்தவரின் பேச்சு என்பதே.

அவர் மேட்டுக்குடி மனிதர், அவருடைய சுயாட்சி படித்தவர்களுக்கான சுயாட்சி என்பது இன்னொரு மறுப்பு. பிறப்பையும் நட்பு வட்டத்தையும் பார்த்தால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓய்வுக்குப் பின் அவர் தேடிப்போனது யாரை என்பதையும் பார்க்க வேண்டும். 1915 இல் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். 1919 இல் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்தார். அது கையில் எடுத்தவற்றுள் ஒன்று, தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளரைக் கட்டிவைத்திருந்த துண்டு முறை. கடன் விவரம் எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற முடியாது. 1921 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு காகிதம் மனிதரைக் காக்கவும் முடியும், அடிமைப்படுத்தவும் முடியும் என்பது பதிவாளராக இருந்தவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக, தேசிய ஒற்றுமையை அவரே உடைத்தார் என்ற குற்றச்சாட்டு. சட்டசபையில் மேல் மாகாணத்துத் தமிழருக்கு ஓர் இடம் கிடைக்க ஆதரவு தருவதாக 1918 இல் சிங்களத் தலைவர்கள் எழுத்தில் வாக்களித்திருந்தார்கள். அதை நம்பித்தான் யாழ்ப்பாணத்துத் தலைவர்களைக் காங்கிரசுக்குள் அழைத்து வந்தார் அருணாசலம். வாக்கு காற்றில் போனதும் 1921 இல் விலகினார். 1923 இல் இலங்கைத் தமிழர் மகாசபையை அமைத்தார். இனவாரிப் பிரதிநிதித்துவத்துக்கு எதிராக நின்றவர் ஓர் இனத்தின் பெயரால் அமைப்பு கண்டது வருத்தத்துக்குரிய திருப்பம்தான். ஆனாலும் மாறியது அவருடைய கொள்கை என்று சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்ததற்கு மதிப்பில்லாத இடத்தில் ஒன்றாய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்பது, அவர் நீதிமன்றத்தில் கடைப்பிடித்த நெறி. இலங்கையில் பின்னர் கைவிடப்பட்ட ஒப்பந்தங்களை எண்ணிப் பார்த்தால் அவருடைய கோபத்தின் நியாயம் இன்னும் தெளிவாகும்.

1924 ஜனவரி 9 அன்று, தலயாத்திரை வந்திருந்த இடத்தில், மதுரையில் அவர் காலமானார். விடுதலைக்காகப் பேசியவர்களை நாம் மறப்பதில்லை. விடுதலை பெற்ற நாட்டில் அலுவலகங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று செய்து காட்டியவர்களை எளிதில் மறந்துவிடுகிறோம். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் இன்றும் மக்கள் நடையாய் நடக்கிறார்கள். அந்த நடையைக் குறைப்பவர் செய்வதும் அரசியல்தான், அதுவும் முதல்தரமான அரசியல். அருணாசலத்தின் வாழ்க்கை அதற்குச் சான்று.