செவ்ரோலே கமாரோ இசட்/28 (2014)

580 குதிரைத்திறன் கொண்ட கமாரோ இசட்எல்1 அப்போதே விற்பனையில் இருந்தது. ஆனால் பந்தயத்தடத்துக்கென இசட்/28-ஐ வடிவமைத்தவர்கள் அந்த எஞ்சினை எடுக்கவில்லை. அதன் சூப்பர்சார்ஜர் முன்சக்கரங்களின் மேல் பாரம் ஏற்றும். சுற்றுக்குச் சுற்று சூடும் கூடும். கொர்வெட் இசட்06-இல் ஓடிய 7 லிட்டர் எல்எஸ்7 வி8 எஞ்சினைத் தேர்ந்தார்கள். திறன் 505தான். ஆனால் கனெக்டிங் ராடுகளும் இன்டேக் வால்வுகளும் டைட்டானியம். வேகமாக வளைவில் திரும்பும்போதும் எண்ணெய்த் தட்டுப்பாடு வராதபடி டிரை சம்ப் அமைப்பு. துணிச்சலான, சரியான முடிவு.

எடையையும் குறைத்தார்கள். பின்கண்ணாடியை அருகில் சென்று பாருங்கள். வழக்கமான 3.5 மில்லிமீட்டர் தடிமன் இதில் 3.2. உள்ளே ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் சீட்பெல்ட் எச்சரிக்கை மணிக்காக. ஏசி வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இரைச்சல் தடுப்புப் பொருள்களையும் குறைத்தார்கள். கார்பன் செராமிக் பிரேக்குகளும் 19 அங்குல வீல்களும் மேலும் எடை குறைத்தன. இப்படி இசட்எல்1-ஐ விட ஏறத்தாழ 136 கிலோ இறங்கியது.

2013-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், பாதை ஓரளவு ஈரமாக இருந்தும், இசட்/28 ஒரு சுற்றை 7 நிமிடம் 37.47 விநாடியில் முடித்தது. இசட்எல்1 எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 41.27 விநாடி.