சிந்தாத கப்: நம்பி வாங்கலாமா?

போன வருஷம் அப்பா பிறந்தநாளுக்கு ஒரு கப் வாங்கினேன். இடுப்பு ஒடுங்கி, அடி அகலமா, பார்க்க வேடிக்கையா இருக்கும். 'தட்டினாலும் விழாது' என்று விளம்பரம். அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. காபி சிந்தினா, யாரும் பார்க்கிறதுக்குள்ள துண்டால துடைச்சிடுவார். அதுக்காகத்தான் வாங்கினேன்.

மேசையில வெச்சுத் தட்டிக் காட்டினேன். விழவே இல்லை. அப்பா சிரிச்சார். அப்புறம் குடிக்க எடுத்தார். அவர் எப்பவும் கப்பைத் தன் பக்கம் சாய்ச்சுதான் தூக்குவார். கப் வரலை. பலமா இழுத்தார். சட்டுனு கழண்டு வந்து, பாதி காபி சட்டையில.

காரணம் ரொம்ப எளிமை. இந்தக் கப்புக்கு அடியில ஒரு ரப்பர் உறிஞ்சி இருக்கு. பக்கவாட்டுல தள்ளினா, வெளிக்காற்றோட அழுத்தம் அதை மேசையோட சேர்த்துப் பிடிச்சுக்கும். நேரா மேலே தூக்கினாதான் காற்று உள்ளே போய் விடுபடும். வழவழப்பான மேசை வேணும்; மேசைவிரிப்பு மேல வெச்சா பிடிக்காது.

ஆனா காபி சிந்துறது மூணு இடத்துல: தட்டுப்படும்போது, நடக்கும்போது, வாய்க்குக் கொண்டுபோகும்போது. இந்தக் கப் முதல் பிரச்சினைக்கு மட்டும்தான் பதில்.

நடக்கும்போது ஏன் சிந்துது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் மேயர், கிரெச்செட்னிகோவ் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். 2012இல் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். கப்புல காபி இயல்பா ஆடுற தாளமும், நம்ம நடையோட தாளமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி, ஒவ்வொரு அடியும் ஆட்டத்தைக் கூட்டுது. தீர்வு? மெதுவா கிளம்புங்க, கப்பைப் பார்த்து நடங்க, விளிம்புவரை ஊத்தாதீங்க.

நுரையும் உதவும். மேலே சில அடுக்கு நுரை இருந்தாலே ஆட்டம் அடங்கும்னு 2015இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்லுது. நல்லா ஆத்தின ஃபில்டர் காபி அதனாலதான் கொஞ்சம் சமர்த்து!

மூணாவது, அப்பாவோட பிரச்சினை. அதுக்கு விநோத வடிவம் எதுவும் வேண்டியிருக்கலை. ரெண்டு பக்கமும் கைப்பிடி, மேலே மூடி, பாதி அளவு காபி. ரெண்டாவது தடவை ஊத்திக் கொடுக்கணும், அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி அவர் குடிக்கிறதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தா, எனக்கே தெரிஞ்சிருக்கும்.

அந்த விநோதக் கப் இப்போ என் லேப்டாப் பக்கத்துல இருக்கு. அங்கே அது பிரமாதமா வேலை செய்யுது.