விலை எழுதப்படாத மூலிகை

உழவர் சந்தையில் கீரைக் கட்டுகளோடு உட்காருபவர்களின் வரிசையை மூலிகை வரிசை என்றே சொல்லிவிடலாம். அரைக்கீரை, சிறுகீரையை அடுத்து முடக்கத்தான், தூதுவளை, வல்லாரை, பிரண்டை, கரிசலாங்கண்ணி எல்லாம் இருக்கும். மழை விட்ட வாரங்களில் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லியும் வரும். ஜெயங்கொண்டம், தா.பழூர் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் நிலமே துணை. தா.பழூரை ஒட்டிய கிராமங்கள் கொள்ளிடத்தின் வடகரையில், பொன்னாறு வாய்க்கால் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே இருப்பவை. வல்லாரை, கரிசலாங்கண்ணி போல ஈரம் கேட்கும் செடிகள் அங்கே வரப்போரத்தில் தானாக வளரும். வடக்கே ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் மண் சிவந்து, முந்திரிக் காடு தொடங்கிவிடும். வேலியில் பிரண்டையும் தூதுவளையும் ஏறிக் கிடப்பது அந்த மேட்டு நிலத்தில். நனைந்த மண்ணின் மூலிகையும் காய்ந்த மண்ணின் மூலிகையும் சில கிலோமீட்டர் இடைவெளியில் கிடைக்கின்றன.

இவற்றில் கீழாநெல்லியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிறு இலைகளின் வரிசைக்கு அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் தொங்கும். மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் சென்னையின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் உண்டு. அவர்களின் குழு 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் அடுத்தடுத்து மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே காமாலை கண்டால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

கீழாநெல்லியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே தோற்றத்தில் நாலைந்து இனங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் உலர்மூலிகைக் கடைச் சரக்கை ஆராய்ந்தவர்கள், கீழாநெல்லி என்ற பெயரில் வேறு இனங்களும் விற்கப்படுவதைக் கண்டார்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. சந்தையில் வேர், தண்டு, காய் எல்லாம் சேர்ந்த பச்சைச் செடியை, பிடுங்கி வந்தவர் கையிலிருந்தே வாங்குகிறோம். எந்த வரப்பில் பிடுங்கியது என்றுகூடக் கேட்கலாம். மூலிகைக்கு உழவர் சந்தை பொருத்தமான இடம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பிரண்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நறுக்கும்போது கை அரிப்பது ஒவ்வாமையால் அல்ல. தண்டின் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. அது தோலில் குத்துகிறது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணு நீக்கி, நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைக்கும் வழக்கம் அந்த அரிப்பைச் சமாளிக்கக் கண்ட வழி.

இனி சந்தையின் ஏற்பாட்டுக்கு வருவோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும், அதே ஆண்டு ஆந்திரத்தில் தொடங்கிய ரைத்து பஜாரும் இதற்கு முன்னோடிகள். உழவருக்குப் புகைப்பட அட்டை உண்டு, கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை, தராசும் சந்தையிலேயே தருவார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது விலைப்பலகை. மொத்த விற்பனைச் சந்தையின் நிலவரத்தை அதிகாலையிலேயே சேகரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே உள்ள சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அமையும்படி அன்றைய விலையைக் குறிக்கிறார்கள். இடையில் போய்க்கொண்டிருந்த பணத்தை விற்பவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு இது. 2001-க்குப் பிறகு பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. அண்மை ஆண்டுகளில் வேளாண் நிதிநிலை அறிக்கைகளில் பணம் ஒதுக்கிப் பழைய சந்தைகளைப் புதுப்பித்தும் வருகிறார்கள்.

இத்தனை நல்ல ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது, இந்த வட்டாரத்து மண்ணில் விளைந்து உலகச் சந்தைக்குப் போகும் ஒரு மூலிகை. அதுதான் கண்வலிக் கிழங்கு. செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்பதும் அதுவே. நம் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களில் முதலில் வருவதும் இதுதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் போலவே ஜெயங்கொண்டம் பகுதியும் இதைப் பயிராகச் செய்யும் இடங்களில் ஒன்று. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். அதனால் கொள்ளிடக் கரையின் நெல்வயல் இதற்கு ஆகாது. வடிகால் உள்ள செம்மண் மேடுதான் வேண்டும்.

ஆடி, ஆவணியில் கலப்பை வடிவக் கிழங்கை ஊன்றுகிறார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் கிழங்கு தேவைப்படுவதால், முதல் ஆண்டுச் செலவு பெரியது. கொடி ஏறக் கம்பிப் பந்தலோ, விராலி போன்ற புதரோ வேண்டும். இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாகிறது. நெளிந்த ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிய, ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்கு இந்தப் பூவில் மிகவும் வியப்பானது அதன் சூல்தண்டு. சூலகத்திலிருந்து கிளம்பிய உடனே ஏறக்குறைய செங்கோணத்தில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழாமல், வேறு பூவின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் அமைப்பு அது. காட்டில் வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ ஒரு பூவில் உரசி அடுத்ததற்குப் போகும்போது வேலை முடிந்துவிடும். ஓர் ஏக்கர் முழுக்கப் பூத்து நிற்கும்போது அத்தனை பூவுக்கும் சிறகுகள் போதாது. ஆகவே மனிதர்கள் இறங்குகிறார்கள். காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரு பூவின் மகரந்தத் தாளைப் பறித்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக, பூப்பு முடியும்வரை தினமும். பூக்கும் காலமோ ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நேரம். காலையில் மழை பிடித்தால் மகரந்தம் நனைந்து அன்றைய காய்ப்பு போய்விடும். சாகுபடிச் செலவில் கூலியின் பங்கு ஏன் இவ்வளவு பெரியது என்பது, அந்த வயலில் ஒரு காலை நேரம் நின்றால் புரியும்.

நட்ட ஆறாவது மாதம், தை, மாசியில் காய் சுருங்கி நிறம் மாறும்போது பறித்து, நிழலில் உலர்த்தி விதை எடுக்கிறார்கள். நன்றாக வந்தால் ஏக்கருக்கு 200 கிலோ அளவு விதை கிடைக்கும். கிழங்கிலும் மருந்துச் சத்து உண்டு என்றாலும், விதையில்தான் அதிகம்: எடையில் சுமார் 0.7 முதல் 0.9 சதவீதம். அந்தச் சத்தின் பெயர் கோல்கிசின்.

1820-இல் பெல்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தார்கள். அதே ஆண்டு குயினைனையும் பிரித்தவர்கள் அவர்கள்தான். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழாய்கள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல, தேவைக்கேற்ப எழும்பிக் கலைகின்றன. கோல்கிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு அவை எழும்ப விடாமல் செய்கிறது. கீல்வாதத்தில் ஒன்றான கௌட் நோயில், மூட்டுக்குள் சேரும் யூரிக் அமிலப் படிகங்களை நோக்கி வெள்ளணுக்கள் படையெடுப்பதால்தான் வீக்கமும் தாங்க முடியாத வலியும் வருகின்றன. நுண்குழாய் இல்லாமல் அந்த அணுக்களால் நகர்ந்து போய்க் குவிய முடியாது, வலி தணிகிறது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு போன்ற ஆபத்துகளைக் குறைக்கவும் 0.5 மில்லிகிராம் கோல்கிசினை அனுமதித்தது. மருந்தின் தேவை இனிமேல் கூடத்தான் செய்யும்.

செல் இரண்டாகப் பிரிவதற்கும் அதே நுண்குழாய்கள் வேண்டும். 1937-இல் பிளேக்ஸ்லி என்ற தாவரவியலாளர், கோல்கிசின் பட்ட செடியின் செல்களில் குரோமோசோம்கள் இரட்டித்தும் செல் பிரியாமல் நின்றுவிடுவதைப் பயிர்ப் பெருக்கத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். விதையில்லாத் தர்பூசணி பிறந்தது இந்த வழியில். 22 குரோமோசோம் கொண்ட தர்பூசணியைக் கோல்கிசினால் 44 ஆக்கி, அதைச் சாதாரணச் செடியோடு இணைத்தால் 33 உள்ள செடி வரும். மூன்று மூன்றாக இருக்கும் குரோமோசோம்கள் சமமாகப் பிரியாததால் அதன் பழத்தில் விதை முற்றுவதில்லை.

செல்லை நிறுத்தும் அந்த ஆற்றல் அளவு மீறினால் உயிரைக் குடித்துவிடும். கண்வலிச் செடி முழுவதுமே நஞ்சு. சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ நினைத்துச் சாப்பிட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். முறிமருந்து கைவசம் இல்லாத நஞ்சு இது. சித்த மருத்துவத்தில் சுத்திமுறை செய்துதான் கையாள்கிறார்கள். வீட்டு வைத்தியத்தில் இதற்கு இடமே கிடையாது. அழகுக்காகத் தோட்டத்தில் வைத்திருப்பவர்கள் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். கீரை வரிசையில் இது வராதது சரிதான்.

ஆனால் விதைக்கு விலை தெரியாமல் இருப்பது சரியில்லை. வாங்குகிறவர்கள் மிகச் சிலர்; ஏற்றுமதி எப்படிப் போகிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். ஓர் ஆண்டு கிலோ ஆயிரக்கணக்கில் போன விதை, இன்னோர் ஆண்டு அதில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்று கண்வலி உழவர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். கத்தரிக்காய்க்கு அன்றாடம் கிடைக்கும் நியாயம், பூவைத் தொட்டுத் தொட்டு விளைவித்த இந்த விதைக்குக் கிடைக்கவில்லை.

இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. நிலக்கடலை, எள் போன்றவற்றை மறைமுக ஏலத்தில் விற்றுப் பழகிய இடம் அது. எடைமேடை, கிடங்கு, ஏல முறை எல்லாம் தயார். கண்வலி விதைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒன்று: ஒவ்வொருவர் சரக்கிலும் கோல்கிசின் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பரிசோதனைச் சீட்டு. மருந்து ஆலைக்குப் பயன்படுவது அந்தச் சதவீதம்தான் என்னும்போது, அந்த எண் விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களில் இந்தச் சோதனை செய்யக்கூடியதே. சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் மையம் மாதிரிகளைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை ஏற்கலாம். விதை களத்துக்கு வரும் தை, மாசி இரண்டு மாதம் மட்டும், வாரம் ஒரு நாள் ஏலம் நடந்தால் தொடக்கத்துக்குப் போதும்.