லைனும் லயமும்

பண்டமாரானில் ஒரு வீடு. பேத்தி கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "லைன் இல்லை, பாட்டி," என்கிறாள். "நாங்கள் லயத்தில் இருந்தபோது கைப்பேசியே இல்லையே!" என்று பாட்டி சிரிக்கிறார். பேத்தி சொன்ன 'லைன்', பாட்டி சொன்ன 'லயம்' ஆகிய இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ஆளிச்செடியின் நாரால் ஆன நூலை இலத்தீன் மொழியில் 'லீனியா' என்றனர். நூலை இழுத்துக் கட்டினால் நேர்க்கோடு தெரியும். ஆகவே, கோடு என்னும் பொருள் பிறந்தது. ஆள்கள் கோடுபோல் நின்றால் வரிசை. எழுத்துகள் அவ்வாறு அமைந்தால் வரி. துணி உலர்த்தும் கொடி, தூண்டில் நூல், இரயில் தடம், தொலைபேசி இணைப்பு ஆகியவற்றுக்கும் அதே சொல் பயன்படுகிறது. கம்பி வழியே பேசிய காலத்துச் சொல், கம்பியில்லாக் கைப்பேசிக்கும் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பினும், தமிழில் இடத்திற்கேற்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, லயத்திற்கு வருவோம். ஆங்கிலேயர், படைவீரர்களுக்காக வரிசையாக அமைத்த குடியிருப்புகளை 'லைன்ஸ்' என்றனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளையும் அப்படியே அழைத்தனர். அச்சொல் தமிழர் நாவில் 'லயம்' ஆனது. இலங்கை மலையகத் தமிழரும் இத்தகைய வீடுகளை 'லயம்', 'லயன்' என்பர்.

இங்கு ஒரு குழப்பமும் உண்டு. இசையில் கால அளவைக் குறிக்கும் 'லயம்' வடமொழிச் சொல். ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. இதனை அறியாதவர், பாட்டி வாழ்ந்த லயத்தை இசையோடு தொடர்புபடுத்தி, அதன் பின்னுள்ள தொழிலாளர் வரலாற்றைத் தவறவிடுவர்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. ஆனால், அச்சொல் பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாரேனும் 'லயம்' என்று சொன்னால், அங்கு எத்தனை குடும்பங்கள் இருந்தன, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அகராதி தராத பொருளை அவர்கள் சொல்வார்கள்.