இட்லிப் பொடியும் கூலிக் கணக்கும்

வீட்டிலிருந்து தொழில் தொடங்குவோரின் இடர்ப்பாடுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதலீட்டில் தொடங்கி முதலீட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் மிகுதியாக இறங்கும் பொடி, மசாலா, ஊறுகாய்த் தொழில்களைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும்: அடுப்பும் பாத்திரமும் இடமும் முன்பே வீட்டில் இருப்பதால் தொடங்குவது எளிதாகிறது, அதே காரணத்தால் வீட்டுச் செலவு எது, தொழிற்செலவு எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

இதன் முதல் விளைவு விலை வைப்பதில் தெரிகிறது. ஒரு பொருளைச் செய்து விற்பனைக்கு ஆயத்தமாக்கும் வரை ஆகும் மொத்தச் செலவே அடக்க விலை எனப்படும். உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய் என 10 கிலோ சரக்கை 2,200 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால், புடைத்துச் சுத்தம் செய்து வறுத்து அரைத்த பின் கையில் 9 கிலோ பொடிதான் மிஞ்சக்கூடும். அதைக் கால் கிலோ 80 ரூபாய் வீதம் 36 பொட்டலங்களாக விற்றால் 2,880 ரூபாய் வரும். 680 ரூபாய் லாபம் என்று மகிழும் குடும்பம் எரிவாயு, அரவைக் கூலி, உறை, ஒட்டுச்சீட்டு ஆகியவற்றுக்கு ஆன 360 ரூபாயைக் கழித்தால் மீதி 320. இதற்குச் செலவான உழைப்பு 10 மணி நேரம் என்றால் மணிக்கு 32 ரூபாய்தான் கிடைக்கிறது. இதே பொட்டலத்தை 20 விழுக்காடு கழிவுக்கு மளிகைக் கடையில் வைத்தால் கைக்கு வருவது 2,304 ரூபாய். அதாவது உழைப்பையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு 256 ரூபாய் நட்டப்பட நேரும். தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றபோது நன்றாக ஓடிய தொழில், கடைக்குச் சென்றதும் படுத்துவிடுவதன் காரணம் பல வேளைகளில் சுவையன்று, தொடக்கத்திலேயே கூலியையும் கடைக் கழிவையும் சேர்க்காமல் வைத்த விலைதான். பின்னர் விலையை ஏற்றினால் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கடைக்காரரோ சரக்கு விற்ற பிறகே பணம் தருவார் என்பதால், அடுத்த முறை மிளகாய் வாங்கும் பணம் அவரது கல்லாவில் முடங்கிக் கிடக்கும்.

அடுத்த இடர்ப்பாடு, வீட்டுக்குச் செய்வதற்கும் விற்பனைக்குச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. வீட்டில் அரைக்கும் பொடி சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடையில் வைப்பதோ மாதக்கணக்கில் கெடாதிருக்க வேண்டும். எள்ளிலும் நிலக்கடலையிலும் உள்ள எண்ணெய், காற்றும் வெப்பமும் படப்படக் காறி, சிக்கு வாடையைத் தரும். அரவை மில்லிலிருந்து வந்த பொடியைச் சூடு ஆறுமுன் உறையிலிட்டால் உள்ளே வியர்க்கும் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். முன்னே அரைத்தவரின் மல்லித்தூள் இயந்திரத்தில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் மணம் மாறும். தட்டில் பரப்பி முழுதும் ஆறவைப்பது, ஒரு பங்கைத் தேதி எழுதி எடுத்துவைத்து அது எத்தனை நாள் தாங்குகிறதெனப் பார்ப்பது, ஈரக் கரண்டியை அருகில் விடாதிருப்பது ஆகியவை செலவில்லாத தீர்வுகள்.

சட்டம் பலரும் அஞ்சும் அளவுக்குச் சிக்கலானதன்று. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், வீட்டில் செய்து விற்பவர்களையும் உணவுத் தொழில் நடத்துவோராகவே கொள்கிறது. சிறு தொழில் செய்வோருக்கு முழு உரிமத்துக்குப் பதிலாக எளிய பதிவு போதும், அப்போது கிடைக்கும் 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும். சேர்பொருள்கள், நிகர எடை, செய்த நாள், பயன்படுத்த வேண்டிய காலம், அதிகபட்ச விலை, தயாரிப்பவர் முகவரி, சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி ஆகியனவும் அதில் இடம்பெற வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது அடுப்பைத்தான்: வீட்டு இணைப்பின் 14.2 கிலோ எரிவாயு உருளை வீட்டுச் சமையலுக்கு மட்டுமே உரியது, தொழிலுக்கு 19 கிலோ வணிக உருளை வாங்க வேண்டும். அதன் விலை கூடுதல் என்பதால் அடக்க விலையும் கூடும். வாடகை வீடாயின் மிளகாய் வறுக்கும் நெடி அண்டை வீட்டாரையும் வீட்டுக்காரரையும் எட்டும் என்பதால், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது எந்தப் பதிவுச் சான்றிதழுக்கும் குறையாத பயன் தரும்.

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். 2020இல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம், திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, கடனோடு இணைந்த மானியமாக அளிப்பது. எனினும் விலைக் கணக்குச் சரியாகாத தொழிலில் கடன் வாங்கி அரவை இயந்திரம் இறக்கினால் நட்டம் விரைவாகப் பெருகும்.

தொழில் வளர்ந்து ஒருவர் கையால் சமாளிக்க முடியாமற்போகும் நிலைக்கு, மும்பையின் லிஜ்ஜத் அப்பள நிறுவனம் நல்ல சான்று. 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அந்தக் கூட்டுறவில், மாவு பொது மையத்தில் பிசையப்படுகிறது; பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பளமாக இட்டு, உலர்த்தித் திருப்பித் தருகின்றனர். சுவையைத் தீர்மானிக்கும் வேலை ஓரிடத்திலும், நேரத்தை விழுங்கும் வேலை பல கைகளிலும் இருப்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம். பொடித் தொழிலிலும் வறுக்கும் பதத்தையும் கலக்கும் அளவையும் ஒருவரே வைத்துக்கொண்டு, சுத்தம் செய்யவும் எடை போடவும் பொட்டலமிடவும் அக்கம்பக்கத்தாரைத் தம் வீட்டுக்கே வரவழைத்துக் கூலி கொடுக்கலாம். பொட்டலத்தின் விலையில் அந்தக் கூலிக்கு முதல் நாளிலேயே இடம் ஒதுக்கியிருந்தால் மட்டுமே அது இயலும்.