எழுத்தும் பொறியும்

அண்மையில் படித்த நூல்களைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இக்காலத்தில் வெளிவரும் நூல்களின் தொகை மலைப்பைத் தருவது. ஆதலின் எல்லாத் துறைகளிலும் கால் வைக்காமல், ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு படித்த சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன். ஒரு மக்களின் எழுத்தும் புதிதாக வந்த ஒரு பொறியும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், மாற வேண்டியது எது? எழுத்தா, பொறியா? பண்பாடு, தொழில்நுட்பம், அரசியல் என்று நாம் பிரித்துப் பேசும் மூன்றும் இக்கேள்வியில் வந்து கூடுகின்றன.

முதலாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கும் தாமஸ் முல்லானி 2017-இல் வெளியிட்ட ‘சீனத் தட்டச்சுப் பொறி’ என்னும் நூல். பெயரைக் கேட்டவுடன் நேயர்களுள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பல்லாயிரம் எழுத்துக்களை உடைய மொழிக்குத் தட்டச்சுப் பொறி ஏது? 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பத்திரிகையும் இப்படித்தான் சிரித்தது. மிகப் பெரிய விசைப்பலகை ஒன்றை வரைந்து கேலி செய்தது. முல்லானி அந்தச் சிரிப்பையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்கிறார். ரெமிங்டன் பொறி ஆங்கிலத்துக்கென்று அமைந்தது. உலகெங்கும் அது விலைபோய் நிலைத்த பிறகு, ஒரு மொழிக்கென்று பிறந்த கருவி என்பது மறந்துபோய், எல்லா மொழிகளையும் அளக்கும் படியாக ஆகிவிட்டது. படியில் அடங்காத நெல்லைக் கண்டு, குற்றம் நெல்லின்மேல் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அத்தீர்ப்பை வெளிநாட்டார் மட்டும் சொல்லவில்லை. 1918-இலேயே சியென் சுவாந்துங் போன்ற சீன அறிஞர்கள், பழைய எழுத்தை அறவே ஒழித்தாலன்றி நாடு உருப்படாது என்று எழுதினார்கள். அவர்கள் தாய்மொழிமேல் பகை கொண்டவர்கள் அல்லர். நாடு பின்தங்கியதே என்ற துயரத்தில் பேசியவர்கள்.

சயாம் நாட்டில் நிகழ்ந்ததை இந்நூல் சொல்லும் இடம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. 1892-இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் மகனான எட்வின் மக்ஃபார்லண்டு, ஸ்மித் பிரீமியர் என்னும் பொறியைச் சயாமிய மொழிக்கு ஏற்றவாறு அமைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசையுடைய பெரிய பொறி அது. ஆயினும் இடம் போதவில்லை. மெய்யெழுத்துக்கள் இரண்டு வெளியே நின்றன. முன்னமே அருகிவந்த எழுத்துக்கள்தாம். ஆயினும் பொறியில் இடமில்லை என்றானதும் வழக்கிலிருந்து முற்றும் மறைந்தன. இன்றும் தாய்லாந்துக் குழந்தைகள் மெய்யெழுத்து நாற்பத்துநான்கு என்றே ஓதுகிறார்கள். அவற்றுள் இரண்டை எந்தச் சொல்லிலும் எழுதுவதில்லை.

சீனரோ வேறு வழி கண்டார்கள். ஷாங்காய் நகரத்துக் கமர்ஷியல் பிரஸ் நிறுவனம் 1919-ஐ ஒட்டி விற்கத் தொடங்கிய பொறியில் விசைகளே இல்லை. ஏறத்தாழ 2,500 அச்செழுத்துக்கள் பரப்பிய ஒரு தட்டு. அதன்மேல் கைப்பிடியை நகர்த்தி வேண்டிய எழுத்தைத் தேடி அடிக்க வேண்டும். நம் அச்சகங்களில் பெட்டியின் முன் நின்று எழுத்துக் கோத்தவர்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1950களில் தட்டச்சாளர்கள் ஒரு புதுமை செய்தார்கள். அகராதி வரிசையைக் கலைத்துவிட்டு, சேர்ந்து வரும் எழுத்துக்களை அருகருகே வைத்தார்கள். ‘மாவோ’ என்ற எழுத்தின் பக்கத்திலேயே ‘தலைவர்’ என்பதற்குரிய எழுத்துக்கள்! அடுத்து எது வரும் என்று முன்னறிந்து எழுத்தை எடுத்து நீட்டும் இன்றைய கைப்பேசியின் உத்தி, இயந்திர அறிவு இல்லாத காலத்தில் அலுவலகப் பணியாளரின் விரல் நுனியில் பிறந்திருக்கிறது. இந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

புகழ்பெற்ற எழுத்தாளர் லின் யூதாங் 1947-இல் செய்து காட்டிய பொறியின் கதையோ சோகமானது. அதில் எழுபத்திரண்டு விசைகள். எழுத்தின் மேற்பகுதிக்கு ஒன்று, கீழ்ப்பகுதிக்கு ஒன்று என இரண்டை அழுத்தினால், பொருத்தமான எழுத்துக்கள் எட்டு வரை சிறு கண்ணாடிச் சாளரத்தில் தோன்றும். வேண்டியதை எண் விசையால் தேர்ந்துகொள்ளலாம். ரெமிங்டன் நிறுவனத்தாருக்குக் காட்டச் சென்ற நாளில் அந்தப் பொறி இயங்க மறுத்தது! லின் தம் செல்வத்தையெல்லாம் அதிலே இழந்து கடனாளியானார். பல ஆண்டுகள் காணாமற்போயிருந்த அந்த மூலப்பொறி 2025-இல் நியூயார்க் வீடொன்றின் நிலவறையிலிருந்து வெளிப்பட்டு ஸ்டான்ஃபோர்டு நூலகத்தை அடைந்தது. சீனர் இன்று கணினியில் எழுதும் முறை பெரும்பாலும் அவர் கண்ட நெறியே: சில விசைகளை அழுத்து, தோன்றுவனவற்றுள் தேர்ந்தெடு.

இரண்டாவது நூல் துருக்கியைப் பற்றியது. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஜெஃப்ரி லூயிஸ் 1999-இல் எழுதிய ‘துருக்கிய மொழிச் சீர்திருத்தம்’. பேரழிவாய் முடிந்த வெற்றி என்னும் கருத்துப்பட அதற்கு ஒரு துணைத்தலைப்பும் இட்டிருக்கிறார். 1928 நவம்பர் 1-இல் சட்டம் நிறைவேறியது. 1929 சனவரி முதல் நாளிலிருந்து நூல்கள் யாவும் இலத்தீன் எழுத்திலேயே அச்சாக வேண்டும் என்றானது. நியாயம் இல்லாமற் போகவில்லை. துருக்கிய மொழிக்கு உயிர் எட்டு. அரபு எழுத்து அவற்றைத் தெளிவாகக் காட்டாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அன்று பத்தில் ஒருவர் அளவே. புது எழுத்தால் கல்வி பரவியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் எழுத்தோடு நிற்கவில்லை. 1932-இல் மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களையெடுக்கத் தொடங்கினார்கள். 1927-இல் அத்தாதுர்க் ஆறு நாட்களில் முப்பத்தாறு மணி நேரம் நிகழ்த்திய புகழ்பெற்ற பேருரையை, 1960களில் அன்றைய துருக்கிய மொழிக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்குச் சிறிது மிகுதியான காலத்தில், நாட்டை நிறுவியவரின் பேச்சே நாட்டாருக்கு விளங்கவில்லை! லூயிஸ் நகைச்சுவையோடு எழுதுகிறார். படிப்பவனுக்கு நகைக்கத் தோன்றவில்லை. பாட்டன் எழுதிய கடிதம் பெட்டியில் இருக்க, அதைப் பேரன் படம்போலப் பார்க்கிறான் என்றால் அந்தக் கல்வியின் விலை என்ன?

இவற்றைப் படிக்கையில் தமிழ் நினைவுக்கு வராமல் இராது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய முத்தையா, தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகை வகுத்தபோது, 247 எழுத்துக்களைக் கண்டு அஞ்சி எழுத்தை வெட்டச் சொல்லவில்லை. புள்ளி போன்ற குறிகளுக்கு, அழுத்தினாலும் உருளை நகராத விசைகளை அமைத்தார். பொறியே வளைந்தது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில், பதின்மூன்று எழுத்துக்களின் வடிவத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. துருக்கியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு மாற்றம்; பழைய ‘லை’யையும் ‘னை’யையும் இன்றைய இளைஞர் ஒரு நாளில் பழகிக்கொள்வர். இகர, உகர வரிசைகளையும் மாற்ற வேண்டும் என்று வா. செ. குழந்தைசாமி போன்றோர் வாதிட்டனர், அது நடைபெறவில்லை. நடைபெறாதது நன்று என்பது என் கருத்து. எந்தப் பொறிக்காக அவ்வெழுத்துக்களை எளிதாக்க எண்ணினோமோ அந்தப் பொறி இன்று காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

மூன்றாவதாகப் படித்தவை, 1991-இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியைப் பற்றிய ஆவணங்கள். இன்பம் தரும் படிப்பு அன்று. ஆயினும் பழைய படி இன்னும் புழக்கத்தில் இருப்பதை அவை காட்டின. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமாயின் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழாயின் 70 இடங்களே. அதிலும் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடங்களைப் பிடிக்கும், ஏனெனில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். காசு கொடுத்துச் செய்தி அனுப்புகிறவன் தாய்மொழியில் எழுதினால் கூடுதலாகக் கொடுக்க நேரும். இதை எவரும் பகைமையால் செய்யவில்லை. கணக்கு வகுத்த இடத்தில் நம்மவர் இல்லை, அவ்வளவே. யூனிகோடு அமைப்பில் முழு வாக்குரிமை உடைய உறுப்பினருள் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரு நிறுவனங்கள் இருக்கின்றன; ஒரு மொழிக்குப் புதிய குறி வேண்டுமென்றால் அந்த மொழி பேசுவோர் அங்கே சென்று வாதாட வேண்டும்.

முல்லானி 2024-இல் ‘சீனக் கணினி’ என்று அடுத்த நூலையும் வெளியிட்டிருக்கிறார். விசையின்மேல் பொறித்த எழுத்தும் அதை அழுத்தினால் தோன்றும் எழுத்தும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற விதியைச் சீனர் எப்படிக் கைவிட்டார்கள் என்பது அதன் பொருள். அதில் பாதிதான் படித்திருக்கிறேன்.