புது போன் வாங்குமுன் தேதிகளைத் தேடிப் பாருங்கள்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் புது போன் பல வழிகளில் வந்து சேரும். புதுச்சேரி எல்லை காலடியிலேயே இருப்பதால் அங்கே போய் வாங்கி வருவார்கள். துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ விடுமுறைக்கு வரும் மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான். பாரிஸில் இருக்கும் மருமகன், தான் வைத்திருந்த ஐபோனை மாமியாருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். எப்படி வந்தாலும் முதல் நாள் கேட்கப்படுபவை இரண்டே கேள்விகள்: வாட்ஸ்அப் வந்துடுச்சா, போட்டோ எல்லாம் வந்துடுச்சா? காலண்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜிப்மரில் அடுத்த பரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த நாள் கடந்துபோன பிறகுதான் அது நினைவுக்கு வரும்.

விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோர ஊரில், காலண்டரில் ஏறியிருக்கும் தேதிகள் லேசுப்பட்டவை இல்லை. பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், விசா முடியும் நாள், ஊர் திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் பிரீமியம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், சீட்டுப் பணம், பேரனின் அடுத்த தடுப்பூசி, காலமான பெரியவர்களின் நினைவு நாள். ஒரு போட்டோ தொலைந்தால் வருத்தம்தான். விசா தேதி தொலைந்தால் அபராதம், சில சமயம் வேலையே போகும். அதனால்தான் இதை ஒரு கடைக்காரரின் ஐந்து நிமிட வேலையாக விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். காலண்டரில் ஒரு தேதியைக் குறிக்கும்போது அது இரண்டு இடங்களில் ஏதோ ஒன்றில் பதிவாகிறது. ஒன்று, அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு. மற்றொன்று, கூகுள், ஆப்பிள், சாம்சங், மைக்ரோசாஃப்ட் போன்ற ஏதோ ஒரு அக்கவுண்ட். அக்கவுண்டில் பதிந்தவற்றை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. புது போனில் அதே அக்கவுண்டைப் போட்டதும் அவை தாமாகவே இறங்கிவிடும். போனுக்குள்ளே மட்டும் பதிந்தவை அந்தப் போனோடு இருக்கும். அந்தப் போனோடு போய்விடும். புது போனுக்கு எது வரும், எது வராது என்பது, தேதியை எழுதிய அன்றைக்கே பாதி முடிவாகிவிட்டது.

எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். பழைய போனில் ஒரு தேதியைத் திறந்து, அதன் விவரங்களைக் கடைசி வரை பாருங்கள். ஜிமெயில் முகவரி தெரிந்தால் அது கூகுளில் இருக்கிறது. ‘மை போன்’, ‘மை காலண்டர்’, ‘டிவைஸ்’, ‘லோக்கல்’ என்பது மாதிரி ஏதாவது இருந்தால் அது போனுக்குள்ளே மட்டும் இருப்பதற்கான அடையாளம். சந்தேகம் தீரவில்லையா? ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் ஜிமெயில் ஐடியில் நுழைந்து கூகுள் காலண்டரைத் திறந்து பாருங்கள். அங்கே தெரிகிற எதுவும் போன் கடலில் விழுந்தாலும் போகாது. சாம்சங், ஷாவ்மி போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்தக் காலண்டர் செயலியைப் போட்டுத் தருவதால், கூகுள் அக்கவுண்ட் இருக்கிற போனிலும் பாதித் தேதிகள் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. ஒரே ஒரு தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல், பழையது, புதியது, வருடா வருடம் திரும்ப வருவது என்று நாலைந்தையாவது பாருங்கள்.

பிறந்தநாட்கள் தனிக் கதை. பல போன்களில் அவை காலண்டரில் எழுதப்பட்டவையே அல்ல. பெயர்ப் பட்டியலில் அந்த நபரின் விவரத்தோடு சேர்த்த பிறந்த தேதியைக் காலண்டர் எடுத்துக் காட்டுகிறது. எண்களை சிம் கார்டுக்கு மாற்றி, அங்கிருந்து புது போனுக்குக் கொண்டுவரும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. சிம்மில் பெயருக்கும் எண்ணுக்கும்தான் இடம். பிறந்த தேதி அந்த வழியில் உதிர்ந்துபோகும்.

இனி, இந்த ஊருக்கே உரிய சிக்கல். வளைகுடாவில் வேலை பார்க்கப் போனவர் அங்கே போய்த்தான் முதல் ஸ்மார்ட்போன் வாங்கியிருப்பார். ஜிமெயில் ஐடியும் அங்கத்து எண்ணைக் கொடுத்து ஆரம்பித்ததாக இருக்கும். வேலை முடிந்து ஊர் திரும்பியதும் அந்த எண் ரத்தாகிவிடும். இங்கே புது போனில் ஐடியைப் போட்டால் பாஸ்வேர்டு நினைவில் இல்லை. மறந்த பாஸ்வேர்டை மீட்க அனுப்பும் குறியீடு, இல்லாத எண்ணுக்குப் போகிறது. ‘புதுசா ஒரு ஐடி போட்டுடலாம்’ என்று யாராவது உதவுவார்கள். போன் உடனே வேலை செய்யத் தொடங்கும். ஆனால் பழைய தேதிகள் எல்லாம் பழைய ஐடிக்குள் பூட்டியபடி கிடக்கும். கூகுள் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் அக்கவுண்டுகள் நீக்கப்படலாம். நீக்கும் பணி அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிவிட்டது. ஆகவே ஊர் திரும்ப டிக்கெட் எடுத்த அன்றே, அந்த எண் உயிரோடு இருக்கும்போதே, கூகுள் அக்கவுண்டின் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், மீட்பு எண்ணாக இந்திய எண் ஒன்றையும், மீட்பு மின்னஞ்சலாக வீட்டில் ஒருவருடையதையும் சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கம்பெனி கொடுத்த மின்னஞ்சலில் தேதிகளை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அலுவலகக் காலண்டர் அலுவலகத்துக்குச் சொந்தம். வேலையை விட்ட அன்று நிர்வாகம் அந்த அக்கவுண்டை மூடினால், அதில் நீங்கள் குறித்திருந்த மகளின் பள்ளி அட்மிஷன் தேதியும் சேர்ந்து மறையும். சொந்த விஷயங்களை முதலிலிருந்தே சொந்த ஐடியில் எழுதுவதுதான் வழி.

சரி, போனுக்குள்ளே மட்டும் இருக்கும் தேதிகளை எப்படி வெளியே எடுப்பது? சாம்சங்கிலிருந்து சாம்சங்குக்குப் போகிறீர்கள் என்றால் ‘ஸ்மார்ட் ஸ்விட்ச்’ செயலி கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ காலண்டரையும் எடுத்துக்கொண்டு போகும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி இருக்கிறது. ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே அதைச் செய்வது நல்லது. ஐபோனின் செட்டிங்ஸில் காலண்டர் பகுதிக்குப் போய்க் கூகுள் அக்கவுண்டைச் சேர்த்துவிட்டால், எதையும் மாற்றாமலேயே கூகுள் தேதிகள் ஐபோனில் தெரியும். எனக்கு இதுவே மேலான வழியாகப் படுகிறது. நாளைக்கு மறுபடி ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினாலும் அலைச்சல் இல்லை.

வேறு வேறு கம்பெனி போன்களுக்கு நடுவே நம்பகமான பாலம் ‘ஐசிஎஸ்’ கோப்பு. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்த ‘வெர்சிட்’ கூட்டமைப்பு 1996-ல் ‘விகாலண்டர்’ என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. 1998-ல் அது ‘ஐகாலண்டர்’ என்ற இணையத் தரமாக வளர்ந்து, 2009-ல் திருத்தப்பட்டது. நிகழ்ச்சியின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாக, வரி வரியாக இருக்கும். எந்தக் கம்பெனியின் காலண்டரும் அதைப் படிக்கும். பழைய போனின் காலண்டரில் ‘ஷேர்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ இருந்தால் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கே மெயில் செய்துகொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரின் செட்டிங்ஸில் ‘இம்போர்ட்’ பகுதியில் அதை ஏற்றலாம். போனில் உள்ள கூகுள் காலண்டர் செயலியில் இந்தப் பகுதி கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் லாக்அவுட் செய்துவிட்டு எழுங்கள். மொத்தமே இருபது தேதிதான் என்றால் இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, பெயரனையோ பேத்தியையோ உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வது அரைமணி நேர வேலை. காலாவதியான பழைய தேதிகளும் அதிலேயே கழிந்துவிடும்.

தேதிகள் வந்த பிறகு நேரத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பிசகு நடப்பது இங்கேதான். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. குவைத், சவுதி, கத்தார் இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே வைத்து அமைத்துக் கொண்டுவந்த போனில் ‘ஆட்டோமேட்டிக் டைம் ஸோன்’ அணைந்திருந்தால் அது இங்கே வந்த பிறகும் துபாய் நேரத்திலேயே ஓடும். காலை 9 மணிக்கு எழுதிய டாக்டர் அப்பாயின்ட்மென்ட் 7.30 என்று காட்டும். தேதியும் அப்படியே இடம்பெயரும். பிறந்தநாளை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதாகக் குறித்திருந்தால், துபாயில் உள்ள மகனின் போனில் அது முந்தின நாள் இரவு 10.30-க்குப் போய் விழும். பிறந்தநாள், நினைவு நாள், காலாவதி தேதி ஆகியவற்றை ‘ஆல் டே’ என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. முழுநாள் நிகழ்ச்சிகளுக்கு நேர மண்டலம் பார்க்கப்படுவதில்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடையில் நமக்கும் பாரிஸுக்கும் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. ஞாயிறுதோறும் மகளோடு வீடியோ காலில் பேசும் நேரத்தை இந்திய நேரத்தில் எழுதியிருந்தால் அங்கே அது ஆண்டுக்கு இரண்டு முறை தள்ளிப்போகும். பாரிஸ் நேரத்தில் எழுதியிருந்தால் இங்கே தள்ளிப்போகும். யாருடைய நேரம் மாறக் கூடாது என்று பேசி முடிவுசெய்து, நிகழ்ச்சியின் ‘டைம் ஸோன்’ பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். வேலைக்குப் போகிறவரின் நேரத்தை வைப்பதே பெரும்பாலும் வசதி.

ஹிஜ்ரி தேதிகளில் போன் இன்னும் நமக்குக் கடன்பட்டிருக்கிறது. இந்த ஊரில் நினைவு நாட்களும் நோன்பும் பெருநாட்களும் பிறைக் கணக்கில் வருபவை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. காலண்டரில் ‘ஆண்டுதோறும்’ என்று போட்டால் அது ஆங்கிலத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். ரஜப் மாதத்தில் வர வேண்டிய நினைவு நாளை மூன்று ஆண்டில் ஒரு மாதம் தள்ளிக் காட்டும். திதி பார்த்துத் திவசம் கொடுக்கும் வீடுகளுக்கும் இதே சிக்கல்தான். ஆங்கில நாட்காட்டி அல்லாத கணக்கில் நிகழ்ச்சிகளைத் திரும்ப வரவைக்க ஐகாலண்டர் தரத்தில் 2015-லேயே ஒரு விரிவாக்கம் எழுதப்பட்டுவிட்டது. இருந்தும் கூகுள் காலண்டரில் ஹிஜ்ரி தேதியை மாற்று நாட்காட்டியாகப் பக்கத்தில் காட்டிக்கொள்ளலாமே தவிர, நிகழ்ச்சியை அந்தக் கணக்கில் திரும்ப வரவைக்கும் வசதி இல்லை. காட்டும் தேதியும் கணக்குப் போட்டு வருவது. பிறை தெரிந்து அறிவிக்கும் நாளோடு ஒரு நாள் முன்பின்னாக இருக்கலாம். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரும் தினசரி காலண்டர் இந்த விஷயத்தில் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. அதைப் பார்த்து, அடுத்த ஓராண்டுக்கான நாட்களை மட்டும் போனில் தனித்தனியாக எழுதிக்கொள்வதே இப்போதைக்குச் சரியான வழி. வந்த நினைவு நாளிலேயே அடுத்த ஆண்டு நாளையும் எழுதிவிட்டால் சங்கிலி அறாது.

புது போனில் ஒரே நிகழ்ச்சி இரண்டு இரண்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கூகுள் வழியாக ஒன்றும், ஸ்மார்ட் ஸ்விட்ச் வழியாக ஒன்றும் வந்திருக்கும். ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்காதீர்கள். கூகுளில் இருப்பதை ஒரு போனில் அழித்தால் எல்லாப் போன்களிலும் அழியும். மெனுவில் ஏதாவது ஒரு காலண்டரின் டிக்கை எடுத்து மறைத்துவிட்டு, மிச்சம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறி அழித்தவை கூகுள் காலண்டரின் ‘பின்’ என்ற குப்பைத்தொட்டிப் பகுதியில் 30 நாள் வரை இருக்கும். கம்ப்யூட்டரில் திறந்து மீட்டுக்கொள்ளலாம்.

தேதி எல்லாம் வந்தும் மணி அடிக்காத போன்களும் உண்டு. ஆண்ட்ராய்டு 13 முதல், செயலிகள் அறிவிப்பு காட்ட நம்மிடம் தனியாக அனுமதி கேட்கின்றன. முதல் நாள் அவசரத்தில் ‘டோன்ட் அலவ்’ என்று தட்டியிருந்தால் காலண்டர் வாயே திறக்காது. செட்டிங்ஸில் காலண்டர் செயலியின் ‘நோட்டிஃபிகேஷன்’ பகுதியைத் திறந்து விடுங்கள். பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்தும் அதை விலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து வரும்படி ஒரு நிகழ்ச்சியை எழுதி, போனைக் கீழே வைத்துவிட்டு, ஒலிக்கிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

இணையக் கடைகளின் எக்ஸ்சேஞ்சில் புது போன் கைக்கு வரும்போதே பழையதை டெலிவரி பையன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் மேலே சொன்ன சோதனைகளில் பாதியை ஆர்டர் போடுவதற்கு முந்தின நாளே முடிக்க வேண்டும். அந்த அவசரம் இல்லாதவர்கள் பழைய போனை ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். மாதச் சீட்டும் பிரீமியமும் ஒரு சுற்று வந்து புது போன் அவற்றைச் சொல்லிவிட்டதா என்று பார்த்த பிறகு விற்கலாம். விற்கும் அன்று முதலில் கூகுள் அக்கவுண்டை அந்தப் போனிலிருந்து நீக்குங்கள். அதற்குப் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். அவர் போன் செய்து கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். நேரில் வரச்சொல்லி நீங்களே தட்டிக் கொடுங்கள்.